இரண்டாவது கீப்பர்

பிரதீபன் தன் மனைவியைப் பற்றிப் பெருமை பேசாத இடம் மன்னார்த் தீவில் அநேகமாக இல்லை. தோட்டவெளிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பேசுவான். பேசாலை மீன்வாடிகளில் பேசுவான். ஒருநாள் பாலத்தடியில் வண்டியை மறித்த பொலிஸ்காரனுக்குக்கூட, லைசென்ஸை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், அரைகுறைச் சிங்களத்தில் அதைத்தான் சொன்னான்.

"என்ர மனிசி ஆரெண்டு தெரியுமோ? இலங்கைக்கு உதைபந்தாட்டம் விளையாடினவ. ஒம்பது வருசம். கோல் கீப்பர்!"

கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். மன்னாரில் பந்து உதைக்காமல் வளர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே அந்த வியப்பு உண்மையான வியப்பு. அதில் ஒரு பங்கு புருஷன்காரனுக்கும் வந்து சேரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாத ஒரே மன்னாரான் பிரதீபன்தான். கைக்குழந்தையாகப் படகேறி இந்தியாவுக்குப் போனவன். மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தான். அங்கே சின்னப்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் சோறு, கிரிக்கெட்தான் தண்ணீர். மீசை முளைத்து, தாய் தகப்பனோடு ஊர் திரும்பி, சிலாவத்துறை நஸாரிடம் கூலர் வண்டி ஓட்டச் சேர்ந்தான். காலையில் மன்னாரில் ஐஸ் ஏற்றிக்கொண்டு வங்காலை, அரிப்புப் பக்கமாகப் போவான். சிலாவத்துறையில் மீனை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவான். பந்தைப் பற்றி யோசிக்க அந்தத் தெருவில் நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

கிருசாந்தினியை அவன் கண்டது அந்த ஐஸ் கம்பனியில்தான். அங்கே பில் எழுதுகிற இடத்தில் புதிதாக ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். வண்டியை நகர்த்தவேண்டும், திறப்பைத் தாருங்கோ என்று கேட்டாள். இவன் வழக்கம்போல எங்கேயோ பார்த்துக்கொண்டு சாவிக்கொத்தை எறிந்தான். அது அவளுடைய தலைக்கு மேலால் சுவரை நோக்கிப் போனது. அவள் பில்லில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கை மட்டும் எழும்பி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

"நீங்கள் கிரிக்கெட் விளையாடினனீங்களோ?" என்று கேட்டான்.

"இல்லை. புட்போல்."

அன்றிலிருந்து ஐஸுக்கு வேலையில்லாத நாட்களிலும் கூலர் அந்த வாசலில் நிற்கத் தொடங்கியது.

கல்யாணப் பேச்சு வந்தபோது கிருசாந்தினி ஒன்றை மறைக்காமல் சொன்னாள். "முதலே சொல்லிப்போடுறன். நான் அணியில ரெண்டாவது கீப்பர்."

"அதுக்கென்ன?" என்றான் பிரதீபன் பெருந்தன்மையோடு.

ஆட்டத்துக்கு இரண்டு பாதி உண்டென்பது அவனுக்குத் தெரியும். முதல் பாதிக்கு ஒரு கீப்பர், இரண்டாம் பாதிக்கு ஒரு கீப்பர் என்று அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான். பின்பாதி என்றால் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களைப் போல. அதை நம்பிக்கையான ஆளிடம்தானே கொடுப்பார்கள்? அவனுடைய மதிப்பில் அவள் இன்னும் ஒரு படி உயர்ந்துபோனாள். அந்தக் கணக்கோடு மூன்று வருடம் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தினான்.

நஸார் முதலாளி பழைய பந்தாட்டக்காரர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போகும்வரை சிலாவத்துறை அணிக்கு இடதுபக்கம் ஓடியவர். திரும்பி வந்தபின் வாடியைக் கட்டியதுபோலவே பற்றையாகக் கிடந்த மைதானத்தையும் மெல்ல மெல்லத் திருத்தினார். இந்த வருடம்தான் அதற்கு இரும்புக் கோல் கம்பங்கள் வந்தன. வலையை வெளியே வாங்கவில்லை. மீன்வலையையே அளவாக வெட்டிக் கட்டினார்கள். திறப்புவிழாவுக்குப் பெண்களுடைய ஆட்டம் ஒன்று வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

"தம்பி பிரதீபன், உன்ட மனிசி வருவாவா? அவவோட விளையாடின பழைய ஆக்களையும் கூட்டிவரச் சொல்லு. எங்கட மாவட்டப் புள்ளைகளோட ஒரு மட்ச் வைப்பம்."

"அதென்ன நானா கேள்வி? வருவா."

அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற முதலாளிக்கு, வீட்டில் கேட்காமலே சொன்னான். அத்தோடு விட்டானா? பதாகைக்கு வாசகமும் அவனே சொல்லிக்கொடுத்தான். தேசியக் கொடியோடு அவள் நிற்கிற, சுவரில் மாட்டியிருந்த படத்தை, கிருசாந்தினி வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பியும் வைத்தான்.

அந்தப் பதாகை சிலாவத்துறைச் சந்தியில் ஏறிய அன்று பின்னேரம், பிரதீபன் வீட்டுக் கிணற்றடியில் கூலரைக் கழுவிக்கொண்டு நின்றான். கிருசாந்தினி வேலையால் வந்து சைக்கிளைச் சாத்தினாள். தொலைபேசியை அவனுடைய முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

திரையில் அவளுடைய படம். மேலே சிவப்பு எழுத்தில்: "இலங்கை அணியின் இரும்புச் சுவர்! மன்னாரின் மகள் கிருசாந்தினி பிரதீபன்!"

"இது ஆற்ற வேலை?"

"நல்லா இல்லையோ? எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடச் சொன்னனான்."

கிருசாந்தினி ஈரமான வண்டித் தட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் இலங்கைக்கு எத்தினை மட்ச் விளையாடினனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பிரதீபன் யோசித்தான். "ஒம்பது வருசம். ஒரு நூறு வருமோ?"

"மூண்டு."

"மூண்டு நூறோ!"

"மூண்டுதான். ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டும் தோல்வி. ஒரு மட்ச்சில ஏழு கோல் விட்டனான். இரும்புச் சுவராம்!"

தண்ணீர்க் குழாய் பிரதீபனுடைய காலடியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப ரெண்டாவது பாதியெல்லாம் நீதானே நிண்டனி?" என்றான்.

"எந்த ரெண்டாவது பாதி?"

தன் கணக்கை அவன் விளக்கினான். அவள் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தட்டில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வளவில் இருந்து யாரோ எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "கடவுளே! இதைத்தானோ இவ்வளவு காலமும் ஊர் ஊராச் சொல்லித் திரிஞ்சீங்கள்? கேளுங்கோ. முதலாவது கீப்பருக்குக் கால் முறிஞ்சால்தான் ரெண்டாவது கீப்பர் உள்ள போறது. முறியாட்டில் வெளிய வாங்கில குந்தி இருக்கிறது."

"ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"கலியாணத்துக்கு முன்னமே சொன்னனான்தானே. அதுக்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சீங்கள்."

அது அவனுக்குச் சுட்டது. உண்மையாகவே அவன் கேட்டதில்லை. படத்தைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், மிச்சத்தைத் தானே கட்டிக்கொண்டான். குழாயை மூடிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப ஒம்பது வருசமா அங்க என்ன செய்தனி?"

கேட்டபிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் கிருசாந்தினிக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவையாக ஒருவன் கேட்டுவிட்டான் என்பதுபோலக் காலை ஆட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய தாய் ராக்கம்மாவின் குடும்பம் மலையகத்திலிருந்து முருங்கன் பக்கம் வந்து குடியேறியது. ராக்கம்மா அடுத்தவன் வயலில் நாற்று நட்டு மகளை வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு அணி சேர்த்தபோது, நெட்டையாக இருந்த ஒரே காரணத்துக்காகக் கிருசாந்தினியைக் கோலுக்குள் விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பந்து வந்தால் விலகினார்கள், இவள் விலகவில்லை. மாவட்டம், மாகாணம் என்று போய், இருபது வயதில் கொழும்பில் தேசிய அணியின் பயிற்சி முகாமில் பையோடு இறங்கினாள்.

அங்கே ஏற்கனவே ஒரு கீப்பர் இருந்தாள். புத்தளத்துப் பிள்ளை, பெயர் ஸஜானா. அவளுடைய வாப்பாவின் ஊர் சிலாவத்துறைக்குப் பக்கத்துக் கொண்டச்சி. தொண்ணூறில் புத்தளம் போனவர்கள், திரும்பி வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அறை.

"அணியில தமிழ் கதைக்கிறது நாங்கள் ரெண்டு பேர்தான்," என்றாள் கிருசாந்தினி. "மனம் விட்டுக் கதைக்க எனக்கு அவள் ஒருத்திதான். ஆனா நிக்கிற இடமும் ஒண்டுதான். அவள் நிண்டால் நான் நிக்க ஏலாது. விளங்குதோ?"

"விளங்குது."

"முதல் ரெண்டு வருசமும் அவளின்ர விரல் முறியவேணும் எண்டு நான் கேதீச்சரத்தானுக்கு நேந்தனான். பக்கத்துக் கட்டில்ல அவள் தொழுதுபோட்டு வந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தருவாள். நான் அதைக் குடிச்சுக்கொண்டே நேருவன்."

நேர்த்தி பலித்தது. வெளிநாட்டில் ஒரு போட்டிக்குப் போன இடத்தில், பயிற்சியின்போது ஸஜானாவின் விரல் பிசகியது. அடுத்த நாள் கிருசாந்தினி உள்ளே நின்றாள். எதிரணி பெரிய அணி. முதல் கோல், இரண்டாவது கோல், மூன்றாவது கோல். நாலாவதுக்குப் பிறகு அழுகை வந்துவிட்டது. அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. நிற்கக்கூடாத இடத்தில், கம்பத்துக்குப் பின்னால், கட்டுப்போட்ட கையோடு ஸஜானா நின்றாள். அப்படி நில், இப்படிப் பாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னுடைய உம்மா வட்டிலப்பம் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலை எப்படிப் பிழிவது, கருப்பட்டியை எப்படிக் கரைப்பது என்று விடாமல் சொன்னாள். யாரோ வந்து துரத்த, மற்றப் பக்கத்தால் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"ஏழு கோல் விழுந்தது. ஆனா நான் அழேல்லை. அறைக்கு வந்தம். அவள் ஒத்தைக் கையால என்ர கையுறையைக் கழுவிக் காயப்போட்டாள். அதோட அந்த நேர்த்தியை விட்டிட்டன்."

அதற்குப்பின் கிருசாந்தினி வேறு வேலை தொடங்கினாள். ஸஜானாவுக்கு இடதுபக்கம் நிலத்தோடு வரும் பந்து பிடிபடாது. ஒவ்வொரு நாளும் விடியத் துவங்கி அந்தப் பந்தை அடித்தாள். எதிரணியில் யார் எந்தக் காலால் அடிப்பாள், எந்தப் பக்கம் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் உதைப்பாள் என்று வாங்கில் இருந்து பார்த்து, இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலோடு போய்ச் சொன்னாள். ஆட்டத்துக்கு முன் ஸஜானாவுக்குக் குமட்டிச் சத்தி வரும், முதுகைத் தடவிவிட்டாள். ஸஜானா கல்யாணம் முடித்து விலகியபோது, இனித் தன்னுடைய முறை என்று நினைத்தாள். தெரிவாளர்கள் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அந்தப் பிள்ளையும் நல்லாத்தான் பிடிச்சாள்," என்றாள் கிருசாந்தினி. "அவளுக்கும் ஒரு வருசம் பந்து அடிச்சுக் குடுத்திட்டு வந்திட்டன்."

சொல்லி முடித்துவிட்டுச் சோறு வைக்க எழுந்து போனாள். பிரதீபன் குழாயைத் திறந்து வண்டியின் மிச்சப் பாதியைக் கழுவி முடித்தான்.

மறுநாள் சிலாவத்துறைக்குப் போனதும் ஐஸை இறக்குவதற்கு முன்பே நஸாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நஸார் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டார். இரண்டாம் பாதிக் கதை வந்தபோது அவருடைய தாடி குலுங்கியது.

"சந்தியில கட்டின பனரைக் கழட்டுவமோ நானா?"

"இப்ப கழட்டினாத்தான் ஏன் கழட்டின எண்டு கதை பிறக்கும். இருக்கட்டும். மூணு மட்ச் எண்டாலும் நாட்டுக்குத்தானே விளையாடி இருக்கா. நான் ஊருக்கு ஓடினதோட சரி." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மத்தப் புள்ள, கொண்டச்சி எண்டா சொன்ன? ஆர்ட மகள்? கூப்பிடு தம்பி, அவவைக் கட்டாயம் கூப்பிடு."

ஸஜானாவைத் தொலைபேசியில் கூப்பிட்டது பிரதீபன்தான். மறுபக்கத்தில் பிள்ளைகள் சண்டைபிடிக்கிற சத்தத்துக்கு மேலால் ஒரு பெரிய குரல் கேட்டது. "கிருசா கூப்பிடச் சொன்னாளா மச்சான்?"

"இல்லை. நானாத்தான் எடுத்தனான்."

"அவள் கூப்பிட மாட்டாள். கழுதை. நான் வாறேன்."

விழா நாளன்று சோளகக் காற்று பேயாக வீசியது. கடலோரத்து மைதானத்தில் மணல் எழும்பிக் கண்ணில் அடித்தது. அப்படியிருந்தும் சிலாவத்துறையே அங்கே திரண்டிருந்தது. பெண்களுக்கென்று போட்ட கூடாரத்தின் கீழ் நஸாரின் மனைவி றாபியா எல்லோருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தாள். முருங்கனிலிருந்து பஸ் ஏறிவந்த ராக்கம்மா, காற்றில் மடங்கி மடங்கிப் போகும் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் விளையாடுவதை அவள் பார்க்கப்போவது பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஒரு வானில் பழைய வீராங்கனைகள் வந்திறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் ஸஜானா. நன்றாகப் பெருத்திருந்தாள். கறுப்பு முக்காட்டை இறுக்கிக் குத்தியிருந்தாள். கிருசாந்தினியைக் கண்டதும் ஓடிவந்து, கட்டிப்பிடித்து, தரையிலிருந்து தூக்கிவிட்டாள். இரண்டு நெட்டைப் பெண்கள் நடு மைதானத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சிரிப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது.

பேச்சுக்கு ஒலிவாங்கியைக் கிருசாந்தினியிடம் கொடுத்தார்கள். மைதானத்துக்குக் கொண்டுவந்து கட்டியிருந்த பதாகையை அவள் கையால் காட்டினாள்.

"அதில எழுதியிருக்கிறது என்ர மனிசன்ர சொல்லு. அவர் கூலர் ஓடுறவர். எப்பவும் கொஞ்சம் கூடத்தான் ஏத்துவார்."

கூட்டம் சிரித்தது. பிரதீபனுடைய காது இரண்டும் சுட்டன.

"நான் நாட்டுக்காக விளையாடினது மூண்டு மட்ச். மிச்சக் காலம் வாங்கில இருந்தனான். இலங்கையின்ர கீப்பர் இவதான். இவவின்ர வாப்பாவுக்கு ஊர் கொண்டச்சி."

அந்த ஊர்ப்பெயர் கூட்டத்தில் வாய்க்கு வாய் பரவியது. பிறகு எழுந்த ஆரவாரத்தில் காற்றின் இரைச்சலே அமுங்கிப்போனது. கூடாரத்துக்குள் இருந்த வயதான பெண்கள் எழுந்துவந்து ஸஜானாவின் கன்னத்தைத் தடவினார்கள். ஆருடைய மகள், ஆருடைய பேத்தி என்று விசாரித்தார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்காரி, அத்தனை பேருக்கு முன்னால், முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் நேரம் வந்தது. யாரும் சொல்லாமலே ஸஜானா கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாள். யாரும் சொல்லாமலே கிருசாந்தினி பந்துகளை எடுத்து வரிசையாக வைத்தாள். வைத்து அடிக்கத் தொடங்கினாள்.

ஊர் ஸஜானாவைப் பார்த்தது. பிரதீபன் தன் மனைவியை மட்டும் பார்த்தான். அதனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பந்தையும் அடிப்பதற்கு முன் அவள் ஸஜானாவின் கால்களைப் பார்க்கிறாள். அவை நிலைகொண்ட பிறகுதான் அடிக்கிறாள். பந்து ஸஜானாவின் கைக்குக் கொஞ்சம் எட்டாத தூரத்தில் போகிறது. ஸஜானா பாய்ந்து எட்டிவிடுகிறாள். அடுத்தது இன்னும் கொஞ்சம் தள்ளி. கூட்டம் கைதட்டுகிறது. ஸஜானாவுக்கு மூச்சு வாங்கும்போது இரண்டு பந்து நேராக நெஞ்சுக்கு, பூப்போல வருகிறது. காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதென்று பார்த்து, அதற்கும் சேர்த்துத்தான் அடிக்கிறாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒன்பது வருடம் என்ன செய்தாய் என்று கேட்டேனே என்று பிரதீபன் தன்னையே நொந்துகொண்டான்.

நடுவர் விசில் ஊத இருந்த நேரம் ஸஜானா திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். "அல்லாஹ்! புடிச்சிக்கிச்சி!"

"நடிக்காத," என்றாள் கிருசாந்தினி.

"நடிப்பா? ரெண்டு புள்ள பெத்த காலுடீ. நீ போ உள்ளுக்கு."

வந்த வேகத்தில், நொண்டுகிறேன் என்பதையும் மறந்து, விறுவிறென்று நடந்து போய் வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

கிருசாந்தினி கோலுக்குள் போனாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கோணல் நடந்தது. அவள் உயர உதைத்த பந்தைக் காற்று தூக்கி, நிறுத்தி, திருப்பிக் கொண்டுவந்தது. மாவட்டப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து அதை அப்படியே வலைக்குள் தள்ளிவிட்டாள்.

"இரும்புச் சுவரில ஓட்டை விழுந்திட்டுதடா!" என்று பின்னால் யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

பிரதீபன் கையை மடக்கிக்கொண்டு திரும்பினான். ராக்கம்மா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏன் மாப்புள, அந்தப் புள்ளைங்க எல்லாம் எம்மவ மேலயே அடிக்குதுங்க? அங்கிட்டு எம்புட்டு எடம் கெடக்கு!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலுக்குள் நின்றவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். கையுறையில் துப்பி, இரண்டு கையையும் தட்டி, முன்னால் நின்றவர்களை இடம் மாற்றி நிறுத்தினாள். அதற்குப்பின் பந்தை உயர உதைக்கவே இல்லை, கையாலேயே எறிந்தாள். இரண்டு நல்ல பந்துகளை விழுந்து தடுத்தாள். ஒன்று முகத்தில் பட்டது. அதற்கும் ராக்கம்மா எழுந்து நின்று ஏசினாள். இடைவேளைக்குச் சற்று முன்பு பழைய வீராங்கனைகளும் ஒரு கோல் போட்டார்கள்.

வாங்கில் ஸஜானா படும் பாட்டைப் பார்க்கவேண்டும். உட்காருவாள், எழும்புவாள், கையுறையைக் கழற்றுவாள், திரும்பப் போடுவாள். பந்து எங்கே போனாலும் அவளுடைய தோள் அந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் பிரதீபனிடம் வந்தாள்.

"மச்சான், இப்பிடிச் சும்மா இருந்து பாக்குற எனக்கு அரை மட்ச்சுக்கே ஏலாமப் போச்சி. இவள் எப்பிடித்தான் அத்தினை வருசம் இருந்தாளோ! நான் ஒரு நாளாவது அவள்ட்ட கேட்டதில்ல."

"நானும் கேக்கேல்லை," என்றான் பிரதீபன்.

இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் பாதியில் பாதி நேரம் கடந்தபோது ஸஜானா கோட்டருகில் போய் நின்று கையை ஆட்டினாள். "கிருசா! கால் சரியாப் போச்சி. நான் வாறேன், நீ வா வெளிய!"

கிருசாந்தினி திரும்பிப் பார்த்தாள். "ஏலாது!"

"என்னது?"

"ஏலாதெண்டு சொல்லுறன். போய் இரு!"

நடுவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "விடாதீங்க தங்கச்சி, நில்லுங்க!" என்று கூடாரத்துப் பெண்கள் கத்தினார்கள். ஸஜானா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்தாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடியே போய் வாங்கில் விழுந்தாள்.

அதற்குப்பின் கிருசாந்தினி நின்ற நிலையே வேறு. கம்பத்துக்குக் கம்பம் அந்த இடம் முழுவதும் தன்னுடைய வளவு என்பதுபோல நடந்தாள். மாவட்டப் பிள்ளைகளில் வேகமானவள் தனியாகப் பந்தோடு வந்தாள். இவள் முன்னே ஓடிப்போய் அவளுடைய காலடியில் விழுந்தாள். பந்து இவளுடைய காலில் பட்டு, முழங்கையில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது. பார்க்க அழகே இல்லாத தடுப்பு. பிரதீபன் தன்னை மறந்து, "அவுட்! அவுட்!" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் மாவட்டப் பிள்ளைகள் இன்னொரு கோலைப் போட்டு வென்றார்கள். நல்ல கோல், யார் நின்றிருந்தாலும் விழுந்திருக்கும். விசில் ஊதியதும் கிருசாந்தினி முதலில் போய் அந்தக் கோலைப் போட்டவளுடைய தோளில் தட்டினாள். பிறகு பிரதீபனிடம் வந்தாள். முழங்கால் இரண்டும் உரசி இரத்தம். முகமெல்லாம் மணல். "இதோட நாலு தோல்வி," என்றாள், லொத்தரில் பரிசு விழுந்தவள்போல.

றாபியா வீட்டில் சாப்பாடு. மீன் புளியாணமும் சோறும் போட்டுப் போட்டு எழும்பவிடாமல் பண்ணினார்கள். நஸாருக்கு ஸஜானாவின் வாப்பாவைத் தெரிந்திருந்தது; சின்ன வயதில் ஒரே வலை இழுத்தவர்களாம். வாப்பாவோடு பேச ஸஜானாவின் தொலைபேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வெகுநேரம் பேசினார். உள்ளே ராக்கம்மாவும் ஸஜானாவும், கிருசாந்தினி சின்னப் பிள்ளையில் எப்படி, பயிற்சி முகாமில் எப்படி என்று மாறிமாறிச் சொல்லி அவளைப் படாதபாடு படுத்தினார்கள்.

ஸஜானா அன்று புத்தளம் போகவில்லை. தோட்டவெளியில் இருக்கும் வீட்டுக்கு இவர்களோடு வந்தாள்.

விடிந்தது. கிருசாந்தினி வேலைக்கு வெளிக்கிடவேண்டும். குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றவள், "ஐயோ" என்றாள். இரண்டு கையும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. சீப்பைத் தலைவரை கொண்டுபோக முடியவில்லை.

"தாவன்," என்றான் பிரதீபன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"கயிறு திரிச்சிருக்கிறன்."

அவளைக் கதிரையில் இருத்தி, பின்னால் நின்று தலைமயிரை மூன்றாகப் பிரித்தான். ஒன்று தடிப்பாகவும் இரண்டு மெல்லியதாகவும் வந்தது. அவிழ்த்துத் திரும்பப் பிரித்தான். நெற்றியோரத்தில் இன்னும் சிலாவத்துறை மணல் ஒட்டியிருந்தது; விரலால் தட்டிவிட்டான். ஸஜானா கதவு நிலையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "இடப்பக்கம் இறுக்குங்க மச்சான், இடப்பக்கம்," என்று சொல்லிக்கொடுத்தாள். பின்னல் எப்படியோ ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு முடிந்தது.

கிருசாந்தினி கண்ணாடியில் அதைப் பார்த்தாள். தலையை அசைத்துப் பார்த்தாள். அவிழவில்லை.

"இவ்வளவு காணும்," என்று சொல்லிவிட்டு எழும்பினாள். "வாங்கோ, நேரமாச்சு."